மூன்றாம் நிலையில் கேட்ட ‘உள்ளேன் ஐயா’

“மாதையன். மூன்றாம் நிலை. உள்ளேன்.”

ஈசுவர வருடம் தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆங்கிலக் கணக்கில் 1938 ஜனவரியில், எங்கள் பள்ளி நடத்திய நெடுவழி ஓட்டத்தின் வருகைத் தாளில் இப்படி ஒரு வரி இருக்கிறது. கணக்கு வாத்தியாரின் கையெழுத்து. பனியில் நனைந்து மை பரவியிருந்தாலும் எழுத்தில் சந்தேகம் இல்லை. ஓய்வு பெற்றபோது பள்ளியில் அனுமதி வாங்கி அந்தத் தாளைப் பார்த்து நகல் எழுதிக்கொண்டேன். அந்த வரி எழுதப்பட்ட நேரத்தில் மாதையன் மூன்றாம் நிலையில் இல்லை. அவன் எங்கே இருந்தான் என்பது அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. அங்கே இருந்தது யார் என்பதுதான் தெரியவில்லை.

உடற்கல்வி ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஓட்டப் பயிற்சியைப் பற்றி என் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். பயிற்சி முறைகளை நீங்கள் என்னைவிட முறையாகப் படித்து வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் பையன்கள் வெறுங்காலில் ஓடினார்கள். நாங்கள் ‘டிரில் மாஸ்டர்’கள், விசில் ஊதினோம். அதில் கற்க ஒன்றும் இல்லை. பந்தயம் கையை மீறிப் போகும்போது ஒருவன் எதை நம்புவது, எதை நம்பாமல் இருப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒரு நாளின் கதை என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அப்போது தருமபுரி, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மொரப்பூரிலிருந்து ஒரு சின்ன ரயில் தருமபுரி வழியாக ஓசூருக்குப் போய்வந்துகொண்டிருந்தது. யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஓட்டப் பாதை பள்ளி மைதானத்தில் புறப்படும். நல்லம்பள்ளிப் பக்கம் போகும் வண்டிப்பாதையில் இறங்கி, கரடு என்று நாங்கள் சொல்லும் ஒரு பாறைக் குன்றைச் சுற்றி, ஏரிக்கரையின் அடிவாரமாக வந்து, ரயில் கேட்டைத் தாண்டி மறுபடியும் மைதானத்துக்கு வரும். முந்தைய வருடம் வெளியூர்ப் பையன்கள் சிலர் வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே ஓடிவந்து முதலிடம் கேட்டார்கள். அதிலிருந்து பாதையில் மூன்று இடங்களில் ஆட்களை நிறுத்தினோம். முதல் நிலை, வண்டிப்பாதை பிரிகிற புளியமரம். இரண்டாவது, கரட்டுக்கு மறுபக்கம் இருந்த வேடியப்பன் கல். வில் பிடித்த வீரன் ஒருவனைச் செதுக்கிய பழைய கல் அது; சுற்றுவட்டாரத்தில் அதைக் கும்பிடாமல் யாரும் தாண்டமாட்டார்கள். மூன்றாவது நிலை ஏரிக்கரை.

முதல் நிலைக்கும் இரண்டாவதற்கும் நடுவே, பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய கல்லுக்குழிகள் இருந்தன. கல்லை உடைத்து எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள். ஓரம் செங்குத்தாக இறங்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் தை வரைக்கும் அவற்றில் நிற்கும்.

மாதையன் எங்கள் பள்ளியின் மிகச் சிறந்த ஓட்டக்காரன். வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் குடும்பம். விடுதியில் தங்கிப் படித்தான். விடுமுறை விட்டால் மலைக்கு ஓடியே போய், முடிந்தால் ஓடியே வருவான். வகுப்பில் அவனைப் பற்றி ஒரே ஒரு புகார்தான். வருகை எடுக்கும்போது பெயரைச் சொன்னால் பதில் வராது.

எங்கள் தலைமை ஆசிரியர் வந்த பிறகு ‘பிரசன்ட் சார்’ போய் ‘உள்ளேன் ஐயா’ வந்திருந்தது. கணக்கு வாத்தியார் அந்த வகுப்புக்குப் பொறுப்பு. ஒரு நாள் நான் ஏதோ கேட்க வாசலில் போய் நின்றபோது வருகை நடந்துகொண்டிருந்தது.

“மாதையன்.”

பதில் இல்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

“மாதையன். டேய், உன்னத்தான் பாத்துக்கிட்டுக் கூப்புடறேன்.”

பின் பெஞ்சில் இருந்து சின்னராஜ் சொன்னான்: “அவன் மலையிலேர்ந்து எறங்கி வர நேரமாகுமுங்க ஐயா.”

“நீ வாய மூடு. மாதையன்.”

“உள்ளேன் ஐயா.”

“மாஸ்டர், பாத்தீங்களா?” என்று வாத்தியார் என்னிடம் திரும்பினார். “தெனமும் இதே கூத்து. இவன் ஒருத்தனுக்கு நான் மூணு பையனோட மூச்ச செலவு பண்றேன்.”

பிறகு மைதானத்தில் நானே அவனைக் கேட்டேன். தயங்கித்தான் சொன்னான். “மலையில பேரச் சொல்லி ஒரு தரம் கூப்ட்டா பேசக் கூடாதுங்க. ரெண்டாந்தரமும் பேசக் கூடாது. மூணாந்தரமும் கூப்ட்டாத்தான் மனுசங்க.”

“இங்க கூப்பிடறது வாத்தியார்னு தெரியுதில்லடா?”

“தெரியுதுங்க. வாயி வர மாட்டேங்குதுங்க.”

இந்த வழக்கத்தைப் பற்றிப் பிறகு பல ஊர்களில் விசாரித்திருக்கிறேன். இருட்டில், தனி வழியில், இப்படி வெவ்வேறு விதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மாதையனிடம் அது பகலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சின்னராஜைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதையனோடு விடுதியில் ஒரே அறை. நல்ல ஓட்டக்காரன், அதைவிட நல்ல குரல்காரன். யார் பேசினாலும் அப்படியே பேசிக்காட்டுவான். வராத பையன்களுக்கு வருகை சொல்லி மாட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் நின்றிருக்கிறான். இந்தப் பந்தயம் அவனுக்குக் கடைசி. மறு திங்கட்கிழமை மாமாவோடு பினாங்குக்குப் போக நாகப்பட்டினத்துக்குக் கிளம்புவதாக இருந்தது.

பந்தயத்தன்று விடிந்தபோது மைதானமே இல்லை. தை மாதத்தில் கரட்டடியில் பனி இறங்குவது புதிதல்ல. ஆனால் அன்று கொடிக்கம்பத்தின் அடியில் நின்றால் கொடி தெரியவில்லை. பையன்களின் மார்பில் கட்டியிருந்த துணி எண்கள் நாலு எட்டு தூரத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. ஒத்திவைக்கலாமா என்று கேட்டேன். வெளியூர் அணிகள் முந்தின நாளே ரயிலில் வந்து தங்கியிருந்தார்கள்; மத்தியான ரயிலுக்குத் திரும்பவேண்டும். எண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நிலைகளில் எப்படிக் குறிப்பது என்பதுதான் கேள்வி. எல்லோரும் வாத்தியார்கள். வழி உடனே கிடைத்துவிட்டது.

“வகுப்புல செய்யறததான்” என்றார் கணக்கு வாத்தியார். “காலடி கேட்டா தாள்ல இருக்கற பேர வரிசையா வாசிக்கறோம். எவன் ஓடுறானோ அவன் தன் பேருக்கு ‘உள்ளேன் ஐயா’ன்னுட்டுப் போய்க்கிட்டே இருக்கட்டும்.”

ஒருவருக்கும் அதில் குறை தெரியவில்லை. பையன்களைக் கூட்டிச் சொன்னோம். சிரித்தார்கள். மாதையன் மட்டும் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “இன்னிக்கு ஒரு தரத்துலயே சொல்லிடு” என்றேன். தலையை ஆட்டினான்.

அவனுடைய அப்பா முந்தின சாயங்காலமே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். தோளில் மடித்த கம்பளியோடு முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மகன் ஓடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விசில் கொடுத்தேன். பையன்கள் பனிக்குள் போனார்கள். முதலில் உடம்பு மறைந்தது. காலடிச் சத்தம் சற்று நேரம் இருந்து பிறகு மறைந்தது.

காத்திருக்கும் நேரத்தில் மாதையனின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “முன்னால வர்றவன எப்படிங்க அடையாளம் தெரியும்?”

“பக்கத்துல வந்தா தெரியும்.”

“வருவானுங்க” என்றார்.

முதலில் வந்தவன் வெளியூர்ப் பையன். அடுத்து இன்னும் இரண்டு பேர். பிறகு சின்னராஜ். அவனைப் பிடித்து நிறுத்தி மாதையனைப் பற்றிக் கேட்டேன்.

“புளியமரத்துக்கிட்ட எனக்கு முன்னால போனானுங்க சார். அப்புறம் பனியில ஒண்ணும் தெரியல. முன்னாலயே வந்துருப்பான்னு நெனச்சேன்.”

மற்றவர்கள் ஒவ்வொருவராக, கூட்டமாக, கடைசியில் நொண்டிக்கொண்டு ஒருவனாக வந்து சேர்ந்தார்கள். மாதையன் வரவில்லை. அவன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பனியில் உருவம் தெரியும்போதெல்லாம் கம்பளியை விரித்தார். வேறு யாரோ என்று தெரிந்ததும் மடித்தார்.

நிலைகளில் நின்றவர்கள் தாள்களோடு திரும்பினார்கள். புளியமரத்தில் நின்றவர் தமிழாசிரியர். அவர் தாளில் மாதையன் இருந்தான். வேடியப்பன் கல்லில் பள்ளிக் குமாஸ்தா. அவர் தாளில் மாதையன் இல்லை. ஆனால் அந்தத் தாளில் வேறு பலரும் இல்லை. “எதிர்க்காத்துங்க, பாதிப் பேரு சொன்னது காதுல விழல” என்றார். ஏரிக்கரையில் கணக்கு வாத்தியார். அவர் தாளில் நான் மேலே எழுதிய வரி இருந்தது.

தலைமை ஆசிரியர் மூன்று தாள்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். கணக்கு எளிதாக இருந்தது. முதல் நிலையில் இருந்தான்; மூன்றாம் நிலையிலும் இருந்தான்; இரண்டாவதில் குமாஸ்தாவுக்குக் காது கேட்கவில்லை. ஆகவே ஏரியைத் தாண்டிய பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது. ஏரிக்கு அப்புறம் ரயில் பாதை. ரயில் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் ரயில் கேட்டுப் பக்கம் போங்க” என்றார். “தண்டவாளத்த ரெண்டு பக்கமும் பாருங்க. ஒருத்தரும் வேற எங்கயும் போய் நேரத்தக் கடத்த வேண்டாம்.”

தவறான உத்தரவு என்று இன்றும் சொல்லமாட்டேன். கையில் இருந்த தாள்களைக் கொண்டு யார் யோசித்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள். நானும் கிளம்பிவிட்டேன். பெரிய பையன்களும் ஆசிரியர்களும் மைதானத்தின் வாசலை நெருங்கியபோது கணக்கு வாத்தியார் என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். பதற்றத்தில் பேசுகிறவர், அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

“இன்னிக்குன்னு பாத்து இப்படியா ஆவணும், மாஸ்டர். இன்னிக்குத்தான் பய திருந்துனான். வருசக்கணக்கா மூணு தரம் கூப்புட வெச்சவன், நான் பேர முழுசா சொல்லி முடிக்கல, உள்ளேன் ஐயாங்கறான்.”

நான் நின்றுவிட்டேன்.

“நீங்க அவனப் பாத்தீங்களா?”

“பனியில எங்கங்க பாக்கறது? நான் கரைமேல நிக்கறேன், அவனுங்க அடியில ஓடறானுங்க. கேட்டேன். அவன் கொரலுதான்.”

“எத்தன தரம் கூப்பிட்டீங்க?”

“ஒரு தரந்தான். அததானே சொல்லிக்கிட்டு வர்றேன்.” சொல்லிவிட்டு அவரும் நின்றார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போல இருந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த தமிழாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். புளியமரத்தடியில் மாதையன் எப்படிப் பதில் சொன்னான்?

“மூணாவது கூப்பாட்டுக்குத்தான். நின்னு, திரும்பி, சொல்லிட்டுப் போனான். அதுல ரெண்டு பேரு அவனத் தாண்டிட்டாங்க. எனக்கே சங்கடமாப் போச்சு.”

நான் அவ்வளவு சொல்லி அனுப்பியும், பந்தயத்தின் நடுவில், பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவனால் ஒரு தரத்தில் பேச முடியவில்லை. அப்படியானால் ஏரிக்கரையில் பேசியது அவன் இல்லை. அவனைக் கடைசியாகக் கண்ணால் பார்த்த இடம் புளியமரம். புளியமரத்துக்கு அப்புறம் கல்லுக்குழி.

தலைமை ஆசிரியரிடம் திரும்பி ஓடினேன். எனக்கு இருந்த ஆதாரம் இவ்வளவுதான்: ஒரு பையனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் கையெழுத்துப் போட்ட தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தாள்ல இருக்கு, மாஸ்டர்.”

“தாள்ல இருக்கறது காதால கேட்டது சார். கண்ணால ஒருத்தரும் பாக்கல.”

“நீங்க சொல்றது தப்பா இருந்து, அவன் தண்டவாளத்துல விழுந்து கெடந்தா?”

“கேட்டுக்கு ஒரு பையன சைக்கிள்ல அனுப்பி ரயில நிறுத்தி வெக்கச் சொல்றேன். மத்த எல்லாரையும் எனக்குக் குடுங்க.”

பாதிப் பேரை இங்கே, பாதிப் பேரை அங்கே என்று பிரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பனியில் குழிகளின் ஓரத்தில் தேட, கைகோத்து வரிசையாக நடக்கவேண்டும். பாதிப் பேரை வைத்துத் தேடினால் இரண்டு பக்கமும் அரைகுறையாக முடியும். அவர் மாதையனின் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“போங்க. தப்பா இருந்தா பதில் சொல்ல வேண்டியவன் நான்.”

சைக்கிளை சின்னராஜிடம் கொடுத்தேன். ஓட்டத்தில் களைத்திருந்தாலும் சைக்கிளில் வேகமானவன். கேட்டில் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும்படி சொன்னேன். அவன் ஏறிப் போனதைப் பார்த்தேன். சில எட்டுகள் வரைதான் பார்க்க முடிந்தது.

கரட்டடியில் பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. கைகோத்து நடந்தோம். கையைப் பிடித்திருந்தவனின் தோள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். “மாதையா.” “டேய் மாதையா.” “மாதையன்.” ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு கூப்பாடு. அவன் அப்பாவும் கூப்பிட்டார்; கூப்பிட்டுவிட்டு ஓடினார், வேறு இடத்தில் நின்று மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. பனிக்குள் அத்தனை குரல்களும் யாருடையவை என்று தெரியாதபடி கலந்தன. கூப்பிடுகிறவர்களில் எங்களோடு வராதவர் யாராவது இருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் அப்போதே வந்தது, பிறகு கற்பனை செய்ததல்ல.

விசில் ஊதினேன். சத்தம் அடங்கியது.

“ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. ஒரே ஆள் கூப்பிடுவோம். மூணு தரம். முடியறவரைக்கும் யாரும் அசையக் கூடாது.”

மாதையனின் அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கூப்பிடாமல் மறுபடி முன்னால் ஓடப் பார்த்தார். மூன்று தரம் என்பது அப்பாவுக்கு நினைவில் இருக்கவேண்டிய வழக்கம், ஆனால் அந்த நேரத்தில் எந்த அப்பாவுக்கு எது நினைவிருக்கும். நானே கூப்பிட்டேன்.

“மாதையன்.”

“உள்ளேன் ஐயா.”

உடனே வந்தது. பெயரின் கடைசி எழுத்து என் வாயில் இருக்கும்போதே வந்தது. ஏரிப் பக்கமிருந்து, சற்றுத் தொலைவில், ஓடி வந்த மூச்சு சிறிதும் இல்லாத தெளிவான குரல். என் பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியாரின் கை என் கையை இறுக்கியது. “இதே கொரலுதான்” என்றார். “அப்பக் கேட்டதும் இதேதான்.”

வரிசை உடைந்தது. “அங்க, அங்க” என்று பையன்கள் நகர்ந்தார்கள். மாதையனின் அப்பா என்னை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தார். அவர் தோளில் இருந்த கம்பளியின் முனை என் கையில் சிக்கியது. பிடித்துக்கொண்டேன்.

“வுடுங்க சாமி. அவந்தானுங்க. எம் பையன் கொரலு எனக்குத் தெரியாதுங்களா?”

“இன்னும் ரெண்டு தரம் இருக்கு.”

“அவந்தானுங்க. வுடுங்க.”

என் பணிக்காலத்தில் நான் எடுத்த எந்த முடிவும் இதற்கு ஈடில்லை. பெற்றவர் தன் மகனின் குரல் என்கிறார். பள்ளி முழுவதும் அதே திசையில் திரும்பிவிட்டது. நான் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளுக்குள் எனக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. அந்தக் குரல் அவ்வளவு நம்பும்படி இருந்தது. ஆனால் அது ஒரு தரத்தில் வந்த பதில். மாதையன் அப்படிப் பதில் சொல்பவன் அல்ல.

“மாதையன்” என்று இரண்டாவது தரம் கூப்பிட்டேன்.

எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. ஏரிப் பக்கமும் வாயடைத்துப் போயிருந்தது. அந்த அமைதியில் பனி புல்லில் சொட்டுவது கேட்டது.

“மாதையன்.”

“இங்கதானுங்க.”

காலடிக்குக் கீழே. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு வீட்டு அகலம்கூட இருக்காது. பலவீனமான, பல் கிட்டிய குரல். ‘உள்ளேன் ஐயா’ இல்லை, ‘இங்கதானுங்க’.

குழியின் ஓரத்தில் படுத்து எட்டிப் பார்த்தோம். கல்லிடுக்கில் முளைத்த இச்சி மரத்தின் வேரை ஒரு கையால் சுற்றிப் பிடித்து, மார்பளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். கணுக்கால் முறிந்திருந்தது. வேட்டிகளை முடிந்து கயிறாக்கி இறக்கினோம். மேலே கொண்டுவந்தபோது அவன் விரல்கள் வேரைப் பிடித்த வளைவிலேயே இருந்தன, விரிக்க முடியவில்லை. அவன் அப்பா கம்பளியைச் சுற்றினார். சுற்றும்போது ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் திரும்பி வருவதற்குள் அந்தக் கை விட்டிருக்கும் என்று அவனைப் பார்த்த டாக்டர் சொன்னார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் கழித்து அவனிடம் கேட்டேன்.

“நாங்க அவ்ளோ பேரு கூப்பிட்டது கேக்கலயாடா?”

“கேட்டுதுங்க. எல்லாருமே ஒவ்வொரு தரந்தானுங்க கூப்ட்டீங்க.” எங்கள் மேல்தான் தப்பு என்பதுபோல் சொன்னான்.

“பாதையில போறவன் குழிப் பக்கம் எதுக்குப் போன?”

“நீங்க கூப்ட்டீங்களே சார்.”

“நானா? நான் மைதானத்துல இருந்தேன்.”

“உங்க கொரலுதானுங்க. ஒரு தரந்தான் கூப்ட்டீங்க. நான் பேசலீங்க. திரும்பி மட்டும் பாத்தேன். கால் எடுத்து வெச்ச எடத்துல தரை இல்லீங்க.”

கடைசியாக, ஏரிப் பக்கமிருந்து ஒருவன் ‘உள்ளேன் ஐயா’ என்றானே, அது கேட்டதா என்றேன். அவன் கட்டிலருகே இருந்த தன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: “கேட்டுதுங்க. நாந்தான் சொல்லிட்டேனோன்னு நெனச்சேன்.”

வருகைத் தாளில் அந்த வரியை அடித்துவிடலாமா என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது கணக்கு வாத்தியார் மறுத்துவிட்டார். “கேட்டது கேட்டதுதானுங்க. இல்லாதத எழுதல.” மாதையன் கட்டுப் பிரித்து வகுப்புக்கு வந்த அன்று வருகையில் அவன் பெயர் வந்ததும் அவர் ஒரே மூச்சில், “மாதையன், மாதையன், மாதையன்” என்றார். பையன்கள் சிரித்தார்கள். மறுநாளும் அப்படியே கூப்பிட்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பேய் பிசாசு பற்றி அல்ல. பையனைக் கண்ணால் பார்க்காமல் அவன் பெயருக்கு எதிரில் குறி போடாதீர்கள். குறி ஒன்று விழுந்துவிட்டால் பிறகு பள்ளி முழுவதும், பெற்றவர் உட்பட, அதன் பின்னால் நடக்க ஆரம்பித்துவிடும். அப்போது ‘யார் பார்த்தது’ என்று கேட்க ஒருவர் நிற்கவேண்டும். தேடப் போகும் இடத்தில், முதலில் கிடைக்கும் பதிலுக்காகக் கூப்பிடாதீர்கள். தேடுகிற பையன் எப்படிப் பதில் சொல்வான் என்று தெரிந்துகொண்டு, அதற்காகக் கூப்பிடுங்கள்.

இனி, உறுதி செய்யப்பட்டவற்றையும் செய்யப்படாததையும் பிரித்து எழுதி முடிக்கிறேன்.

கரட்டின் எதிரொலியாக இருக்குமோ என்று அடுத்தடுத்த வருடங்களில் பனி இறங்கிய காலைகளில் அதே இடத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒலியைப் பற்றி, கிடைத்த நூல்களையும் படித்தேன். எதிரொலி உண்டு. ஆனால் அது நான் கூப்பிட்ட பெயரைத்தான் திருப்பித் தந்தது. வேறு சொல்லைத் தரவில்லை. அன்று ஓடிய எங்கள் பையன்களையும் தேட வந்தவர்களையும் தனித்தனியாக விசாரித்தேன். வெளியூர் அணிகளுக்கு அவர்களின் டிரில் மாஸ்டர்கள் வழியாகக் கேட்டு எழுதினேன். எவரும் மாதையன் பெயருக்குப் பதில் சொல்லவில்லை என்றார்கள். மாதையனை 1947இல் மறுபடி சந்தித்தேன். காட்டு இலாகாவில் வேலையில் இருந்தான். அவன் பழைய வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

கேட்க முடியாமல் போனது சின்னராஜை மட்டும்தான். நான் விசாரணையைத் தொடங்கிய நாளில் அவன் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான். ஏரிக்கரையில் பதில் சொன்னது அவனாக இருக்கலாம். பெயர் வாசித்தால் நண்பனுக்காக வாய் திறப்பது அவனுக்குப் பழகிய காரியம். ஆனால் கல்லுக்குழியில் நாங்கள் கேட்ட பதில் அவனுடையதாக இருக்க, அவன் ரயில் கேட்டுக்குப் போகாமல் இருந்திருக்கவேண்டும். ரயில் கேட்டின் காவலாளியைப் பார்த்தேன். “ஒரு பையன் சைக்கிள்ல வந்து சொன்னானுங்க, ரயில நிறுத்தி வெச்சேன். பனியில மொகம் பாக்கல. பேரும் கேக்கல” என்றார். சின்னராஜ் சைக்கிளை வேறொருவனிடம் கொடுத்தானா என்பதற்குச் சாட்சி இல்லை. நண்பனைத் தேடும் நேரத்தில் அவன் அப்படி விளையாடுவான் என்று அவனை அறிந்த எவரும் சொல்லவில்லை; நானும் சொல்லமாட்டேன்.

ஆகவே கேட்டுக்குப் போன பையன் சின்னராஜ்தானா என்பது இன்று வரை உறுதி செய்யப்படவில்லை. யுத்தம் முடிந்த பிறகு பினாங்கு முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. 1949இல் இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தை எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.